பன்னிரண்டு கோடுகளை நம்பலாமா?



கார் வாங்குவது ஆண்களின் வேலை என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் வீடுகளில் கார் வாங்கும் காசில் ஒரு பங்கு எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும். அலுமாரியின் உள் லாச்சியிலிருந்து, சிவப்புத் துணிப்பையிலிருந்து வருகிறது. காசு நம்முடையது என்றால் கேள்வி கேட்கும் உரிமையும் நம்முடையதுதானே.

என் ராத்தாவின் மகள் மாவனல்லையில் இருக்கிறாள். கண்டியில் ஒரு பாடசாலையில் ஆசிரியை. இரண்டு பிள்ளைகளும் அவளோடுதான் போய்வருகிறார்கள். காலை ஐந்தரைக்கு பஸ், மாலையில் மறுபடி பஸ், மழை நாளில் மூவருக்கும் ஒரே குடை. சென்ற வருடம் அவள் எனக்கு கோல் எடுத்தாள்.

"சாச்சி, கார் ஒன்று பார்த்திருக்கிறோம். கரண்டில் ஓடுற லீஃப். பெட்டரி பன்னிரண்டு கோடும் நிறைய இருக்காம். மஹர் மாலையைக் கொடுத்தால் காசு சரியாகும் என்று இவர் சொல்றார். நீங்க என்ன சொல்றீங்க?"

எனக்கு அப்போது லீஃப் என்றால் இலை என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. ஆனால் மாலை என்ற சொல் காதில் விழுந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். "மகள், ஒரு மாதம் பொறு" என்றேன். அந்த ஒரு மாதத்தில் நாங்கள் கேட்டும் பார்த்தும் அறிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், நம் நாட்டில் ஏன் எல்லோரும் இந்த ஒரே காரைப் பற்றிப் பேசுகிறார்கள்? வேறு இல்லை என்பதால்தான். 2015ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் மின்சாரக் கார்களுக்கு வரி குறைவாக இருந்தது. ஜப்பானில் பாவித்த நிசான் லீஃப் கார்கள் அப்போது நிறைய வந்து இறங்கின. பிறகு வரி ஏறியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது. இப்போது பீவைடீ போன்ற புதிய சீனக் கார்கள் வீதியில் தெரிகின்றன. ஆனால் வரியோடு சேர்த்த விலை ஓர் ஆசிரியை வீட்டுக்கு எட்டும் விலையல்ல. ஆகவே பழைய சந்தையில் கைக்கு எட்டுவது பெரும்பாலும் பத்து வயது தாண்டிய லீஃப்தான். இடையிடையே ஒரு மிட்சுபிஷி ஐ-மீவ், ஒரு பீஎம்டபிள்யூ ஐ3 வரும். முன்னது மிகச் சிறிய பெட்டரி. பின்னது நல்ல கார், ஆனால் உதிரிப்பாகத்தின் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

கடையில் ஒரே ஒரு சேலைதான் இருக்கிறது என்றால் நாம் என்ன செய்வோம்? நிறத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. நூலையாவது இழுத்துப் பார்ப்போம். இங்கேயும் அதுதான். கார்கள் எல்லாம் ஒன்றே, பெட்டரிகள் ஒன்றல்ல.

பெற்றோல் காரில் என்ஜின் பழுதானால் பாஸ் ஒருவர் திறந்து பார்த்துத் திருத்துவார். லீஃபில் என்ஜினே இல்லை. எண்ணெய் மாற்றத் தேவையில்லை, மோட்டார் இலகுவில் பழுதாகாது, பிரேக்கும் மெதுவாகவே தேயும். தேய்வதெல்லாம் இருக்கைகளுக்குக் கீழே படுத்திருக்கும் அந்தப் பெரிய பெட்டரிதான். மற்றச் சில மின்சாரக் கார்களில் பெட்டரியைக் குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய் ஓடும். லீஃபில் அந்த ஏற்பாடு கிடையாது. ஜப்பானின் குளிரில் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. நம் வெயிலில் தெரிந்தது. சூடுதான் இந்தப் பெட்டரியின் எதிரி. அதனால் ஒரே வருடத்தில் வந்த இரண்டு கார்களில் நுவரெலியாவில் நிழலில் நின்றதும் புத்தளத்தில் வெயிலில் நின்றதும் ஒன்றாக இருக்காது.

இப்போது அந்தப் பன்னிரண்டு கோடுகளுக்கு வருவோம்.

காரை ஓட்ட உட்கார்ந்தால் முன்னால் தட்டின் வலப்பக்கத்தில் மேலிருந்து கீழாக இரண்டு வரிசைக் கோடுகள் தெரியும். பெரிய கோடுகள் இப்போது எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று காட்டுபவை. அவற்றுக்கு வெளிப்பக்கத்தில் சின்னச் சின்னக் கோடுகள் பன்னிரண்டு. இவைதான் பெட்டரியின் வயதைச் சொல்பவை. சாடியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது வேறு, சாடி எவ்வளவு பெரிது என்பது வேறு அல்லவா? சின்னக் கோடுகள் சாடியின் அளவு. முதல் கோடு மறையும்போது பெட்டரி தன் கொள்ளளவில் ஏறத்தாழ 15 வீதத்தை இழந்திருக்கும். அதன்பின் மறையும் ஒவ்வொன்றும் ஆறு வீதத்துக்குக் கொஞ்சம் கூட. ஒன்பது கோடு நிற்கும் கார் என்றால் புதிதில் இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல் மிச்சம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் பன்னிரண்டும் நிற்பது நல்லதுதானே என்று கேட்பீர்கள். நாங்களும் அப்படித்தான் எண்ணினோம். மருமகன் அந்தக் கோடுகளைப் போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தார், பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு போல.

அந்தக் கார் கொழும்புப் பக்கம் ஒரு கார் சேலில் நின்றது. வெள்ளை நிறம், உள்ளே புது வாசனை, சில்லுகளுக்குக் கறுப்புப் பூச்சு. விற்பவர் மரியாதையாகப் பேசினார், தேநீர் கொடுத்தார். மருமகனுக்கு மனம் நிறைந்துவிட்டது. கூட வந்த ஒரு பையன், மாவனல்லையில் வாகன இலக்ட்ரிக் வேலை செய்பவன், சேஸி இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு ஒதுங்கி வந்து மெதுவாகச் சொன்னான். "நானா, இது ஸீ.ஈ.ஸீரோ. முதல் மொடல்."

இதை நீங்களும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சேஸி இலக்கத்தின் முதல் எழுத்துகளே காரின் தலைமுறையைச் சொல்லிவிடும். ஸீ.ஈ.0 என்று தொடங்கினால் அது 2010 இறுதியிலிருந்து 2012 வரை வந்த முதல் வகை. ஏ.ஸீ.ஈ.0 என்றால் அதன்பின் வந்த திருத்திய வகை. ஸீ.ஈ.1 என்றால் 2017க்குப் பின் வந்த புதிய உருவம், பெரும்பாலும் 40 கிலோவாட் மணி பெட்டரி. இலக்கத்தைத் தேடத் தெரியாவிட்டால் டிக்கியைத் திறந்து பாருங்கள். பின் இருக்கைக்குப் பின்னால் பெரிய மேடு ஒன்று இருந்தால் அது முதல் வகை. சார்ஜ் செய்யும் கருவியை அங்கே வைத்திருந்தார்கள். இரண்டாம் வகையில் அது பொனட்டுக்குள் போய்விட்டதால் டிக்கியில் இடம் அதிகம். சந்தைச் சாமான் ஏற்றுபவள் நீங்கள்தானே, டிக்கியைத் திறந்து பார்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பதின்மூன்று வயதுக் கார் ஒன்றுக்கு, இந்த வெயிலில், பன்னிரண்டு கோடும் எப்படி நிற்கும்? இரண்டே வழிதான். ஒன்று, பெட்டரியை மாற்றியிருக்க வேண்டும். அப்படியென்றால் மாற்றிய இடத்தின் பற்றுச்சீட்டு இருக்கும். மற்றது, கோடுகளைக் காட்டும் கணக்கை அழித்துப் புதிதாகத் தொடங்க வைத்திருக்க வேண்டும். இதற்குக் கருவி இருக்கிறது, சில நிமிட வேலை. கார் தன் பெட்டரி புதிது என்று நம்பிவிடும். வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுபோய் ஓட்ட ஓட்ட, கார் உண்மையை மெல்ல மெல்லக் கண்டுபிடிக்கும். சில கிழமைகளில் கோடுகள் ஒவ்வொன்றாய் மறையும். அதற்குள் விற்றவரின் பொறுப்பு முடிந்துபோயிருக்கும்.

பற்றுச்சீட்டைக் கேட்டோம். "பெட்டரி நல்லது, மெடம், பயப்பட வேண்டாம்" என்றார்கள். எழுத்தில் தருவீர்களா என்றோம். தேநீர் ஆறிவிட்டது.

குறையை மறைத்து விற்பது நம் மார்க்கத்தில் எவ்வளவு பாரமான காரியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் விற்பவர் பயந்துகொள்வார் என்று நாம் கண்ணை மூடிக்கொண்டிருக்கவும் முடியாது.

சரி, கோடுகளை நம்பக்கூடாது என்றால் எதை நம்புவது? இரண்டு காரியங்கள் செய்யலாம்.

ஒன்று, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள துளையில் செருகும் தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்று உண்டு. அதைச் செருகி, போனில் லீஃப் ஸ்பை என்ற செயலியைத் திறந்தால் பெட்டரியின் உள்வீடு தெரியும். மின்சாரக் கார் பார்க்கும் கராஜ்களில் இது இருக்கும். கொஞ்சம் காசு கொடுத்து ஒருவரைக் கூட்டிப்போனால் போதும். அதில் நலம் இத்தனை வீதம் என்று ஒரு எண் வரும். கோடுகளை அழித்தால் இந்த எண்ணும் ஏறிவிடும் என்பதால் அதோடு நிற்காதீர்கள். பெட்டரிக்குள் 96 சோடிக் கலங்கள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றின் வோல்ட்டும் வரிசையாகக் கம்புகள் போல் தெரியும். எல்லாம் ஒரே உயரத்தில் நின்றால் நல்லது. மிக உயர்ந்ததற்கும் மிகத் தாழ்ந்ததற்கும் உள்ள வித்தியாசம் இருபது முப்பது மில்லிவோல்ட் என்றால் கவலையில்லை. நூறைத் தாண்டினால் ஏதோ ஒரு கலம் சோர்ந்துவிட்டது. இதைச் சார்ஜ் நிறைந்திருக்கும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது. எல்லாக் கலமும் நல்ல பிள்ளையாகத்தான் நிற்கும். இருபது முப்பது வீதத்துக்குக் குறைந்த பின், ஏற்றத்தில் ஓடும்போது பார்க்க வேண்டும். சோர்ந்த கலம் அப்போதுதான் தலையைத் தொங்கப்போடும்.

இரண்டாவது, ஓட்டிப் பார்ப்பது. சந்தியைச் சுற்றி ஐந்து நிமிடம் அல்ல. முழுச் சார்ஜில் தொடங்கி, நீங்கள் தினமும் போகும் வழியில், ஏசியைப் போட்டு, வீட்டாரை ஏற்றிக்கொண்டு ஓட்ட வேண்டும். புறப்படும்போது எத்தனை வீதம், மீற்றரில் எத்தனை கிலோமீற்றர் என்று ஒரு கடதாசியில் எழுதுங்கள். திரும்பியதும் மறுபடி எழுதுங்கள். இந்தக் கடதாசியை யாரும் அழித்து எழுத முடியாது. ஒரு நாள் முழுக்கக் காரைத் தர விற்பவர் மறுத்தால், நாளுக்கு வாடகை தருகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் மறுப்பவரிடம் உங்கள் நகையைக் கொண்டுபோகாதீர்கள்.

இதற்கிடையில் இன்னொரு ஏமாற்றும் இருக்கிறது. முன்தட்டில் இன்னும் இத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று பெரிதாக ஓர் எண் வரும். சிலர் அதைக் காட்டி, "பாருங்க, 150 ஓடும்" என்பார்கள். அது ஊகம். சற்று முன் எப்படி ஓட்டினார்களோ அதை வைத்துக் கார் போடும் கணக்கு. கடுகண்ணாவையிலிருந்து மெதுவாக இறங்கி வந்து நிறுத்திய கார் நிறையச் சொல்லும். அதே காரை ஏற்றத்தில் ஏற்றிவிட்டுப் பார்த்தால் வாய் பேசாது.

உங்களுக்கு வேண்டிய தூரத்தை நீங்களே கணக்கிடலாம். கடைக் கணக்கு எழுதத் தெரிந்த எவருக்கும் இது கடினமல்ல. சந்தையில் அதிகம் இருப்பது 24 கிலோவாட் மணி பெட்டரி. அதாவது 24 அலகு மின்சாரம். அதில் புதிதிலேயே ஓட்டத்துக்குக் கிடைப்பது 21 அலகு அளவில்தான். மூன்றில் இரண்டு பங்கு மிச்சமுள்ள பெட்டரியென்றால் 14 அலகு. ஓர் அலகுக்கு 6 கிலோமீற்றர் என்று கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். நிதானமாக ஓட்டினால் கூடக் கிடைக்கும், ஆனால் வீட்டுக் கணக்கில் வரவைக் குறைத்துத்தானே எழுதுவோம். 84 கிலோமீற்றர் வருகிறது. கடைசி ஐந்தில் ஒரு பங்கைத் தொடக்கூடாது என்று வைத்தால் 67.

மாவனல்லையிலிருந்து கண்டிக்குப் போய்வர ஐம்பத்தைந்து கிலோமீற்றர் அளவில். இடையில் கடுகண்ணாவை ஏற்றம். ஏறும்போது ஒன்றரை, இரண்டு அலகு கூடுதலாகப் போகும். இறங்கும்போது மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி அதில் ஒரு பகுதியைப் பெட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கும். பஸ்ஸில் பிரேக் வாசனை வரும் அதே இறக்கத்தில் இந்தக் கார் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவது எனக்கு இன்றும் வியப்புத்தான். ஆனால் ஒரு விஷயம். மலை உச்சியில் வீடுள்ளவர்கள் இரவில் முழுதாக ஏற்றிவிட்டுக் காலையில் இறங்கினால் பெட்டரியில் இடம் இல்லாததால் அந்த மின்சாரம் சேராது, மோட்டாரின் பிடிப்பும் குறைவாக இருக்கும். பிரேக்கைத்தான் நம்ப வேண்டும். அவர்கள் எண்பது வீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஆக, ஒன்பது கோடு உள்ள கார் அவளுக்கு இன்று போதும். எட்டாகும்போது இறுக்கம். அப்போது கண்டியில் பகலில் சார்ஜ் ஏற்ற ஓர் இடம் வேண்டும். மருமகனின் சகோதரி வீடு கட்டுகஸ்தோட்டையில் இருக்கிறது என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உறவு இதற்கும் உதவுகிறது.

கொழும்புக்குப் போக என்ன செய்வது என்று கேட்டார் மருமகன். பஸ்ஸில் போங்கள் என்றேன். வருடத்தில் மூன்று முறை போகும் கொழும்புக்காகத் தினமும் போகும் கண்டியை விடமுடியுமா? வழியில் விரைவுச் சார்ஜ் நிலையங்கள் இருக்கலாம், வேலை செய்யலாம். ஆனால் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு "லாம்" என்ற சொல்லை நம்பிப் புறப்படாதீர்கள். கேகாலையில் போய் நின்று அந்த இயந்திரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். லீஃபுக்கு வேண்டியது சாடெமோ என்ற ஜப்பானிய வகைப் பிடி. புதிய கார்களுக்கு வரும் வேறு பிடி இதற்குப் பொருந்தாது. விரைவுச் சார்ஜை அடிக்கடி பாவித்தால் பெட்டரி சூடாகும் என்பதும் நினைவிருக்கட்டும்.

30 கிலோவாட் மணி பெட்டரியுள்ள லீஃப் கிடைத்தால் விலை கூடுதலானாலும் யோசிக்கலாம். அதன் கணக்குப் பொறியில் ஒரு பிழை இருந்தது. பெட்டரி உண்மையில் தேய்ந்ததைவிட அதிகம் தேய்ந்ததாகக் காட்டும். நம்மைப் போலவே ஜப்பானின் பாவித்த லீஃபை நம்பியிருக்கும் நியூசிலாந்தில் சொந்தக்காரர்கள் பலர் எழுதி வைத்த கணக்கிலிருந்து 2018இல் இது வெளிவந்தது. நிசான் அதன்பின் திருத்தம் கொடுத்தது. இங்கு வந்த காருக்கு அந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி வீட்டுப் பக்கம். இதை நம் வீட்டு ஆண்கள் மறந்துவிடுகிறார்கள். கார் வீட்டுக்கு வந்த அன்று இரவு, ஜன்னல் வழியே இஸ்திரிக்கைப் பொட்டி பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துச் சார்ஜ் போடுவார்கள். செய்யவிடாதீர்கள். இஸ்திரிக்கைப் பொட்டி பத்து நிமிடம் வேலை செய்யும். கார் நான்கு மணித்தியாலம் விடாமல் இழுக்கும். வயர் சூடாகிப் பிளக் உருகிய வீடுகள் இருக்கின்றன. மெயின் சுவிட்ச் பலகையிலிருந்து காருக்கென்றே தனித் தடித்த வயர், தனி பிரேக்கர், ஒழுங்கான ஏர்த், வேலை செய்யும் ட்ரிப் சுவிட்ச். இவை இல்லாமல் கார் வாங்கக்கூடாது. காருடன் வரும் ஜப்பானியக் கேபிளின் பிளக் நம் சுவரில் பொருந்தாது. சந்தையில் விற்கும் சின்ன அடப்டரை மாட்டி ஒப்பேற்றாதீர்கள். வயரிங் செலவைக் காரின் விலையோடு சேர்த்தே எழுதுங்கள்.

கரண்ட் பில்லையும் முதலிலேயே பாருங்கள். கண்டிக்குப் போய்வர ஒரு நாளைக்குப் பத்து அலகு என்றால், பாடசாலை நாட்கள் மட்டும் மாதம் இருநூறுக்கு மேல் வரும். நூற்றிருபது அலகில் கட்டுப்பாடாக நடந்த வீடு முந்நூறைத் தாண்டும். வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது, 180க்கு மேல் உள்ள அலகுகள்தான் மிக விலை கூடிய படி. கார் குடிக்கும் மின்சாரத்தின் பெரும்பகுதி அந்த மேல் படியிலேயே விழும். பெற்றோலோடு ஒப்பிடும்போது சராசரி அலகு விலையை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவீர்கள், மேல் படி விலையை வையுங்கள். நேரத்துக்கு ஏற்ற கட்டணமுறை ஒன்றும் உண்டு. அதில் இரவு 10.30இலிருந்து அதிகாலை 5.30 வரை மலிவு. ஆனால் மாலை 6.30இலிருந்து 10.30 வரை விலை கடுமை, நாம் சமைக்கும் நேரம் அது. உங்கள் இணைப்புக்குக் கிடைக்குமா, இலாபமா என்று மின்சாரக் காரியாலயத்தில் கேட்டு அறியுங்கள். கூரையில் சோலார் உள்ள வீடுகளுக்கு இந்தத் தலையிடி குறைவு.

2022ஐ நாம் மறந்திருக்க முடியாது. பெற்றோல் வரிசையில் இரவு முழுக்க நின்றோம், பிறகு கியூஆர் வந்தது. அப்போது லீஃப் வைத்திருந்தவர்களைப் பார்த்துப் பலர் பொறாமைப்பட்டார்கள். ஆனால் அதே வருடம் மார்ச் இறுதியில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் போனதையும் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சில்லறை விஷயங்கள் சில. இந்தக் காரிலும் சாதாரணக் காரைப் போல ஒரு சின்ன 12 வோல்ட் பெட்டரி உண்டு. அது செத்தால் பெரிய பெட்டரி நிறைந்திருந்தாலும் கார் எழும்பாது. வாங்கியவுடன் அதை மாற்றிவிடுங்கள். ஏசி நன்றாகக் குளிர்கிறதா என்று நண்பகலில் பாருங்கள். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஏதாவது லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானில் ஏலத்தில் விற்றபோது எழுதிய தாள் இருந்தால், அன்று ஓடியிருந்த தூரமும் இன்றைய மீற்றரும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கலாம். உள்ளே திரையில் வருவதெல்லாம் ஜப்பானிய மொழியில்தான் இருக்கும், அவளுடைய சின்னவன் ஏதோ பட்டனை அமுக்கி ஒரு பெண் குரலைப் பேசவைத்துவிட்டான். இன்றுவரை அவர் என்ன சொல்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

பெட்டரியை மாற்ற எவ்வளவு என்று கார் வாங்கும் முன்னரே இரண்டு கராஜில் விலை கேட்டு எழுதி வாங்குங்கள். சோர்ந்த கலங்களை மட்டும் மாற்றித் தருவோம் என்பார்கள். அது பழைய பிடவைக்குப் புதுத் துண்டு ஒட்டுவது போல. கொஞ்ச நாளைக்கு உதவும், அடுத்த இடம் கிழியும். முழு மாற்றத்தின் விலையையும் காரின் விலையையும் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகைக்கு நல்ல பெற்றோல் கார் ஒன்று வருமென்றால் அவசரம் எதற்கு? வட்டி வேண்டாம் என்று இஜாரா முறையில் வாங்கப் போனாலும் வாகனத்தின் வயதைக் கேட்பார்கள். பழைய காருக்குக் கைக்காசுதான் கேட்கும், கைக்காசு என்றால் அந்தச் சிவப்புப் பைதான்.

மூன்றாவதாக ஒரு கார் பார்த்தார்கள். கண்டியில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியருடையது, ஏ.ஸீ.ஈ.0, நிறம் மங்கிய நீலம், பக்கத்தில் ஒரு கீறல். கோடு ஒன்பது. அவர் கேட்காமலே சொன்னார், "மகள், ஒரு கலம் கொஞ்சம் பலவீனம். பத்து வீதத்துக்குக் கீழே இறக்கினால் ஆமை வேகத்துக்குப் போய்விடும். பதினைந்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்." சனிக்கிழமை முழுக்கக் காரைக் கையில் கொடுத்துவிட்டார். மாவனல்லைக்கு வந்து, கண்டிக்குப் போய், மறுபடி வந்தார்கள். கடதாசியில் எழுதிய கணக்கு அவர் சொன்னதோடு ஒத்தது. லீஃப் ஸ்பையிலும் அந்த ஒரு கம்பு மட்டும் குட்டையாக நின்றது.

பலவீனமான கலத்துக்காக விலையைக் குறைக்கும்படி கேட்டாள். மருமகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம், அவள்தான் பேசினாள். குறைத்தார். வயரிங்குக்கு வேண்டிய காசு அதில் மிஞ்சியது. மாலை லாச்சியிலேயே இருக்கிறது, இரண்டு காப்பு மட்டும் போனது. இப்போது அவர்கள் காலை ஆறே காலுக்குத்தான் புறப்படுகிறார்கள். சென்ற மாதம் பேசியபோது ஒன்பதாவது கோடு மங்கவில்லையா என்று கேட்டேன்.

"இல்லை சாச்சி, இன்னும் நிக்கிது" என்றாள்.

மாடி வீடுகளில் இருக்கும் சகோதரிகள் கார் நிறுத்தும் இடத்தில் சார்ஜ் வயர் எடுப்பதற்கு எப்படி அனுமதி பெற்றீர்கள் என்று எழுதுங்கள். அது பற்றி எனக்கு வந்த கேள்விகளுக்கு அடுத்த இதழில் சேர்த்துப் பதில் தர எண்ணியிருக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.